கோல்டு பிராசஸ் சோப்பு: எந்த எண்ணெய் கலவையை விரட்டும், எது காத்திருக்க வைக்கும்

எண்ணெயையும் காஸ்டிக் சோடாக் கரைசலையும் வேகவைக்காமல் கலந்து, அச்சில் ஊற்றி இறுகவிடும் முறைதான் கோல்டு பிராசஸ். அதில் எழும் கேள்வி இதுதான்: செய்யும் முறை ஒன்றே, பிளெண்டர் ஒன்றே, நறுமணம்கூட ஒன்றே. ஆலிவ் எண்ணெய் அதிகமாகப் போட்ட சோப்பு இருபது நிமிடம் ஆனாலும் நீர்த்தே கிடக்கிறது. பாமாயிலும் ஷியா பட்டரும் சேர்த்த சோப்போ, நிறம் பிரித்து ஊற்றுவதற்குள் கரண்டியைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்களை எப்படித் தேர்ந்தெடுத்தால் கலவை நம் வேகத்துக்கு வரும்?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "கெட்டியாகிவிட்டது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி நிகழ்வுகள். ஒன்று, எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்து சோப்பு உருவாவதால் வரும் கெட்டித்தன்மை; இதுதான் உண்மையான ட்ரேஸ் (கலவை தடிக்கும் கட்டத்துக்குச் சோப்பு செய்பவர்கள் சொல்லும் பெயர்). இரண்டாவது, கலவை ஆறியதால் அதிலுள்ள கடினக் கொழுப்பு உறைந்து தடிப்பது. இது பொய் ட்ரேஸ். மூன்றாவது, எண்ணெயில் ஏற்கெனவே பிரிந்து கிடக்கும் கொழுப்பு அமிலங்கள் காஸ்டிக் பட்டவுடன் நொடியில் சோப்பாகிக் கட்டிகட்டியாவது. மூன்றும் பாத்திரத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. முதலாவதற்குச் சூட்டையும் பிளெண்டரையும் குறைக்க வேண்டும். இரண்டாவதற்குச் சூட்டைக் கூட்ட வேண்டும். மூன்றாவதற்கு எண்ணெயையே மாற்ற வேண்டும். எது நடக்கிறது என்று பார்க்காமல் "இந்த எண்ணெய் வேகமானது" என்று முத்திரை குத்துவதால்தான் அடுத்த முறையும் அதே சிக்கல் வருகிறது.

உண்மையான ட்ரேஸ் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. எண்ணெயும் காஸ்டிக் கரைசலும் ஒன்றில் ஒன்று கரையாதவை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் மட்டுமே வினை நடக்கும். தொடக்கத்தில் அந்தப் பரப்பு குறைவு. வினையும் மெதுவாகவே நடக்கும். ஆனால் முதலில் உருவாகும் சிறிதளவு சோப்பு, எண்ணெயையும் நீரையும் பிணைக்கும் வேலையைச் செய்கிறது. துளிகள் இன்னும் சிறிதாகின்றன, தொடும் பரப்பு பெருகுகிறது, வினை வேகமெடுக்கிறது, மேலும் சோப்பு உருவாகிறது. வேகம் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் வினை இது. அதனால்தான் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலிருந்து, பிறகு அரை நிமிடத்தில் கையை மீறிப் போகிறது. பிளெண்டரைக் கூடுதலாக ஐந்து நொடி ஓட்டுவதற்கு இவ்வளவு விளைவு இருப்பதும் இதனால்தான்.

இன்னொன்றும் இதிலிருந்து தெளிவாகும். ட்ரேஸ் வந்த நேரத்தில் மொத்த எண்ணெயில் ஒரு சிறு பகுதிதான் சோப்பாகியிருக்கும். பெரும்பகுதி வினை அச்சுக்குள்தான் நடக்கிறது. ஆகவே விலை உயர்ந்த எண்ணெயை ட்ரேஸுக்குப் பிறகு சேர்த்தால் அது மட்டும் சோப்பாகாமல் சருமத்துக்கு மிஞ்சும் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. அப்போதும் ஏராளமான காஸ்டிக் மிச்சமிருக்கிறது. அது புதிதாக வந்த எண்ணெய், பழைய எண்ணெய் என்று பார்த்து வினைபுரியாது.

இப்போது எண்ணெய்களுக்கு வருவோம். எண்ணெயின் பெயரைப் பார்க்காமல் அதற்குள் இருக்கும் கொழுப்பு அமிலங்களைப் பாருங்கள். பாமிட்டிக், ஸ்டியரிக் போன்ற நீளமான நிறைவுற்ற அமிலங்களின் சோப்பு நீரில் எளிதில் கரையாது. உருவானவுடனே கட்டமைந்து கலவையைத் தடிப்பாக்கிவிடும். ஒலியிக் அமிலத்தின் சோப்பு மென்மையானது, கரையக்கூடியது. கொஞ்சம் உருவானாலும் கலவை நீர்த்தே இருக்கும். லினோலியிக்கும் அப்படியே. லாரிக், மிரிஸ்டிக் இரண்டும் நிறைவுற்றவைதான். ஆனால் சங்கிலி குட்டையானது, அதனால் சுபாவம் கொஞ்சம் வேறு. ரிசினோலியிக் தனி ரகம்.

ஆலிவ் எண்ணெயில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒலியிக். பாமாயிலில் பாமிட்டிக் சுமார் 44, ஒலியிக் சுமார் 39. தேங்காய் எண்ணெயில் லாரிக் சுமார் 48, மிரிஸ்டிக் சுமார் 19. கோகோ பட்டரில் ஸ்டியரிக்கும் பாமிட்டிக்கும் சேர்ந்து 60 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஷியா பட்டரில் ஸ்டியரிக் மட்டுமே சுமார் 40. இந்த எண்கள் விளைச்சலுக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் வரிசை மாறாது. இதை வைத்தே ஒரு கலவை எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

1,000 கிராம் எண்ணெய்க்கு இரண்டு கலவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நிதானமான கலவை: ஆலிவ் 400 கிராம், ஒலியிக் மிகுந்த ரகச் சூரியகாந்தி எண்ணெய் 150, தேங்காய் எண்ணெய் 220, பாமாயில் 180, விளக்கெண்ணெய் 50. 5 சதவீத சூப்பர்ஃபேட்டுக்கு, அதாவது எண்ணெயில் 5 சதவீதம் சோப்பாகாமல் மிஞ்சும்படி, காஸ்டிக் சோடா 139 கிராம்.

விரைவான கலவை: தேங்காய் எண்ணெய் 300 கிராம், பாமாயில் 350, கோகோ பட்டர் 100, ஆலிவ் 200, விளக்கெண்ணெய் 50. அதே சூப்பர்ஃபேட்டுக்குக் காஸ்டிக் சோடா 144 கிராம்.

முதல் கலவையில் லாரிக், மிரிஸ்டிக், பாமிட்டிக், ஸ்டியரிக் நான்கும் சேர்ந்து சுமார் 34 சதவீதம். இரண்டாவதில் சுமார் 51. இந்த ஒரு எண்ணே பெரும்பகுதிக் கதையைச் சொல்லிவிடும். நாலைந்து நிறம் பிரித்துச் சுழல் வடிவம் போட வேண்டுமானால் இந்தக் கூட்டுத்தொகை 40-க்குக் கீழே இருக்கட்டும். ஒரே நிறத்தில் ஊற்றி, மேற்பரப்பைக் கரண்டியால் மேடுபள்ளமாக்கி அலங்கரிக்கும் சோப்பு என்றால் 50 இருந்தாலும் தொந்தரவில்லை, சொல்லப்போனால் வசதியும்கூட.

இந்தக் கணக்குகளுக்கு எடுத்துக்கொண்ட சாப் வேல்யூ, அதாவது ஒரு கிராம் எண்ணெயை முழுவதும் சோப்பாக்கத் தேவையான காஸ்டிக் சோடா: தேங்காய் 0.183, பாமாயில் 0.142, கோகோ பட்டர் 0.138, ஆலிவும் சூரியகாந்தியும் 0.135, விளக்கெண்ணெய் 0.128. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக்கையும் மறுபடி கணக்கிட்டே ஆக வேண்டும். கலவை சீக்கிரம் கெட்டியாகிறது என்று 200 கிராம் தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டு அதே எடையில் ஆலிவ் போட்டு, காஸ்டிக்கைப் பழைய அளவிலேயே விட்டால் கிட்டத்தட்ட 10 கிராம் காஸ்டிக் அதிகமாகிறது. சூப்பர்ஃபேட் கரைந்து போய், சருமத்தை அரிக்கும் சோப்பு கையில் மிஞ்சும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். இது நிறைவுற்ற கொழுப்பு, 24 டிகிரிக்குக் கீழே உறைகிறது, ஆகவே கலவையை விரட்டும் என்று பலர் இதை முதலில் குறைக்கிறார்கள். 25 முதல் 30 சதவீதம் வரை இது பாத்திரத்தில் பெரிய தொல்லை தராது. அதன் சோப்பு நன்றாகக் கரையக்கூடியது. தொடக்க நிலையில் கலவை ஓட்டமாகவே இருக்கும். அதன் வேகம் வெளிப்படுவது அச்சுக்குள். குட்டைச் சங்கிலி என்பதால் விறுவிறுவென வினைபுரிந்து சூட்டைக் கிளப்பும், உடனே இறுகும். முழுக்க முழுக்கத் தேங்காய் எண்ணெயில் 20 சதவீத சூப்பர்ஃபேட்டோடு செய்யும் சோப்பில் இதை நன்றாகப் பார்க்கலாம் (1,000 கிராமுக்குக் காஸ்டிக் 146 கிராம்): ஊற்றிய சில மணி நேரத்தில், இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெட்டியாக வேண்டும். மறுநாள் வரை விட்டால் கத்தி பட்டதும் நொறுங்கும். பெரிய கட்டியாக ஊற்றாமல் தனித்தனிச் சிறு அச்சுகளில் ஊற்றிவிடுவது இந்தச் சோப்புக்கு நல்லது.

பாமாயில்தான் பெரும்பாலான சமயங்களில் உண்மையான விரட்டி. 30 சதவீதத்தைத் தாண்டியதும் நடு ட்ரேஸிலிருந்து கெட்டி ட்ரேஸுக்குப் போகும் இடைவெளி மிகவும் சுருங்கிவிடும். அதோடு இன்னொரு குணமும் உண்டு. பாமாயில் டின்னில் நிற்கும்போது கடினப் பகுதி அடியில் படிந்து, திரவப் பகுதி மேலே நிற்கும். மேலிருந்து அள்ளிய நாளில் கலவை நிதானமாக இருக்கும். டின் பாதியானதும் அதே செய்முறை திடீரென்று வேகமெடுக்கும். அதே எண்ணெய்தானே என்று குழம்ப வேண்டியதில்லை, அது அதே எண்ணெய் இல்லை. டின் முழுவதையும் உருக்கி, நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகே நிறுக்க வேண்டும். வெண்புள்ளிகள் சிதறிய சோப்புக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்: முழுதாக உருகாத கடினக் கொழுப்பு.

பாமாயிலுக்குப் பதிலாகப் பன்றிக் கொழுப்பு பயன்படுத்துகிறவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருப்பார்கள். அதிலும் பாமிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்து 40 சதவீதம் இருக்கிறது, சோப்பும் கெட்டியாகவே வருகிறது. ஆனாலும் கலவை நிதானமாக நகர்கிறது. 40, 50 சதவீதம் போட்டாலும் சுழல் வடிவத்துக்கு நேரம் கிடைக்கும். கொழுப்பு அமில எண்களை மட்டும் வைத்துச் செய்யும் கணிப்புக்கு இது ஒரு முக்கியமான விதிவிலக்கு.

ஷியா, கோகோ போன்ற பட்டர்களை 10 சதவீதத்துக்குள் வைத்தால் கலவை அவற்றைப் பொறுத்துக்கொள்ளும். 15-க்கு மேலே போகும்போது இரண்டு பக்கமிருந்தும் அடி விழும்: ஸ்டியரிக் சோப்பு உருவாகித் தடிப்பது ஒன்று, கொஞ்சம் ஆறினாலே பட்டர் உறைந்து பொய் ட்ரேஸ் வருவது மற்றொன்று. தேன்மெழுகு இன்னும் கடுமை. 62 முதல் 64 டிகிரியில் உருகுவது அது. 1 அல்லது 2 சதவீதத்துக்கு மேல் கோல்டு பிராசஸில் தேவையே இல்லை, அதற்குக்கூடச் சூடாகவே வேலை செய்ய வேண்டும்.

தனி ஸ்டியரிக் அமிலத்தைக் கோல்டு பிராசஸில் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷேவிங் சோப்புக்காகப் போடுகிறார்கள். அது எண்ணெய் அல்ல, ஏற்கெனவே தனித்து நிற்கும் அமிலம். காஸ்டிக் பட்ட நொடியில் சோப்பாகி, கட்டியாகி, பாத்திரம் முழுக்கத் திட்டுத் திட்டாக நின்றுவிடும். உருகுநிலையும் 69 டிகிரி. அதைச் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் ஹாட் பிராசஸுக்கு, அதாவது கலவையைச் சூட்டில் வேகவைத்துச் சோப்பாக்கும் முறைக்குப் போய்விடுங்கள்.

இதே தனி அமிலப் பிரச்சினைதான் பழைய எண்ணெய்களிலும் ஒளிந்திருக்கிறது. எண்ணெய் பழசாகி, ஈரமும் வெப்பமும் பட்டுச் சிதையும்போது கொழுப்பு அமிலங்கள் பிரிந்து தனியாக நிற்கும். அவை உடனே சோப்பாகி, மீதி எண்ணெயைப் பிணைத்து, முழு வினையையும் முடுக்கிவிடும். போன வருடம் அரை மணி நேரம் எடுத்த ஆலிவ் எண்ணெய் இந்த வருடம் ஐந்து நிமிடத்தில் தடித்தால் முதலில் பாட்டிலை முகர்ந்து பாருங்கள். ஆலிவ் எண்ணெயிலேயே, பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும் பொமஸ் ரகம் எக்ஸ்ட்ரா வெர்ஜினைவிடத் தெளிவாக வேகமானது. இரண்டுக்கும் சாப் வேல்யூ ஒன்றுதான், பாத்திரத்தில் நடத்தை ஒன்றல்ல. சுழல் வடிவத்துக்குப் பொமஸ் ஏற்றதல்ல. முழு ஆலிவ் சோப்புக்கு அதுவே நல்ல தேர்வு. காத்திருக்கும் நேரத்தைப் பெருமளவு குறைத்துவிடும்.

தவிட்டு எண்ணெயும் இப்படியே. தவிட்டில் இயற்கையாகவே கொழுப்பைச் சிதைக்கும் லிப்பேஸ் என்ற நொதி உண்டு; அதனால் சுத்திகரிக்காத தவிட்டு எண்ணெயில் தனி அமிலம் அதிகமாக இருக்கும். சுத்திகரித்ததை வாங்கினால் நிதானமாக நடந்துகொள்ளும். சுத்திகரிக்காத வேப்பெண்ணெயும் கலவையை விரட்டும். 10 சதவீதத்துக்குள் வைத்து, மற்ற எண்ணெய்களை மென்மையானவையாகத் தேர்ந்தால் சமாளிக்கலாம். நல்லெண்ணெய், சாதாரணச் சூரியகாந்தி, சோயா எண்ணெய் எல்லாம் மெதுவானவை. ஆனால் லினோலியிக் அதிகம் என்பதால் சோப்பு சீக்கிரம் சிக்கடித்து ஆரஞ்சுப் புள்ளி விழும். 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மெதுவான எண்ணெய் தேவைப்பட்டால் ஒலியிக் மிகுந்த சூரியகாந்தி ரகத்தைத் தேடி வாங்குவதே நல்லது.

விளக்கெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலியிக். அந்த மூலக்கூறில் நீரை விரும்பும் ஒரு கிளை கூடுதலாக இருப்பதால் எண்ணெயையும் கரைசலையும் சீக்கிரம் ஒன்றுசேர்க்கும். 5 சதவீதம் போட்டால் கலவை சீராகப் பிணையும், நுரையும் நிலைக்கும், அதிகபட்சம் 8. 10-ஐத் தாண்டினால் ட்ரேஸ் முந்திக்கொள்ளும், சோப்பும் பிசுபிசுக்கும்.

சூட்டுக்கு வருவோம். எண்ணெய்த் தேர்வையும் சூட்டையும் பிரித்துப் பேச முடியாது. மென்மையான எண்ணெய்களே பெரும்பகுதி என்றால் 28 முதல் 32 டிகிரியில் நிம்மதியாக வேலை செய்யலாம்; குளிர்ச்சியாக இருக்க இருக்க வினை மெதுவாகும், நேரம் கிடைக்கும். ஆனால் அதே 28 டிகிரியில், 40 சதவீதம் பாமாயிலும் பட்டரும் உள்ள கலவையை ஆரம்பித்தால் கொழுப்பு உறைந்து, இரண்டே சுற்றில் கெட்டியாகத் தெரியும். ட்ரேஸ் வந்துவிட்டது என்று நம்பி ஊற்றுவீர்கள். அச்சுக்குள் வினை சூடேற்றியதும் உறைந்த கொழுப்பு மறுபடி உருகி, மேலே எண்ணெயும் கீழே காஸ்டிக்கும் பிரிந்து நிற்கும். பொய் ட்ரேஸின் உண்மையான ஆபத்து இதுதான்.

அதைத் தவிர்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. உங்கள் செய்முறையின் எண்ணெய்களை அதே விகிதத்தில் 100 கிராம் எடுத்து, முழுதாக உருக்கி, தெளிவான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, தெர்மாமீட்டரோடு ஆறவிடுங்கள். கண்ணாடி போலிருந்த எண்ணெய் எந்தச் சூட்டில் மங்கத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கலவை அதைவிட 4, 5 டிகிரி மேலே இருக்க வேண்டும். தனித்தனி எண்ணெயின் உருகுநிலையை வைத்துக் கணிப்பதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஆலிவ் போன்ற திரவ எண்ணெய் கடினக் கொழுப்பைத் தன்னுள் கரைத்து, உறையும் சூட்டைக் கீழே இறக்கிவிடும்.

கவனிக்க வேண்டியது கலவையின் சூடு. எண்ணெயின் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. 1,000 கிராம் எண்ணெய் 40 டிகிரியில் இருக்கிறது, 139 கிராம் காஸ்டிக்கை 278 கிராம் நீரில் கரைத்து 25 டிகிரிக்கு ஆறவைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்த கணமே கலவை சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடும், ஏனென்றால் நீர்க்கரைசல் எண்ணெயைவிட அதிகச் சூட்டை விழுங்கக்கூடியது. எண்ணெய் 40-ல் இருந்ததே, பட்டர் எப்படி உறைந்தது என்பதற்குப் பதில் இது. கடினக் கொழுப்பு அதிகமுள்ள கலவைக்குக் காஸ்டிக் கரைசலையும் 38 முதல் 42 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாத்திரத்தில் இருப்பது எந்த ட்ரேஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெர்மாமீட்டரைக் கலவைக்குள் வைத்துப் பாருங்கள். மங்கும் சூட்டுக்குக் கீழே இருந்தால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து, மெதுவாகக் கிளறி, 5 டிகிரி ஏற்றுங்கள். நீர்த்துப் போனால் அது பொய்; பிளெண்டரை எடுத்து முறையாகப் பிணைத்துவிட்டுத் தொடருங்கள். சூடேற்றியும் நீர்க்காமல், இன்னும் தடித்தால் உண்மையான ட்ரேஸ். உடனே அச்சுக்குப் போங்கள்.

நீரின் அளவு அடுத்த கட்டுப்பாடு. ஒரு பங்கு காஸ்டிக்குக்கு இரண்டு பங்கு நீர் என்பது பொதுவான தொடக்கம், செறிவு 33 சதவீதம். நிதானம் வேண்டுமானால் 30 சதவீதத்துக்கு நீர்த்துக்கொள்ளலாம்: முதல் கலவைக்கு 139 கிராம் காஸ்டிக், 324 கிராம் நீர். 28-க்குக் கீழே போனால் வேறு விலை கொடுக்க வேண்டும். பாமாயில் மிகுந்த சோப்பு அச்சில் சூடாகி ஜெல் நிலைக்கு, அதாவது இளகி ஒளி ஊடுருவும் கட்டத்துக்குப் போகும்போது கண்ணாடி போன்ற கோடுகள் ஓடும், சோப்பு காயும்போது அதிகம் சுருங்கும். மாறாக, முழு ஆலிவ் சோப்புக்கு 38 முதல் 40 சதவீதச் செறிவு பொருத்தமானது. நீர் அதிகமிருந்தால் அந்தச் சோப்பு நாட்கணக்கில் அச்சை விட்டு வராது. காஸ்டிக்கைவிட நீர் எடையில் குறையவே கூடாது, முழுதாகக் கரையாது. காஸ்டிக்கை நீரில்தான் கொட்ட வேண்டும், நீரைக் காஸ்டிக்கில் ஊற்றக்கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது.

பிளெண்டரைக் கையாளும் விதம் எண்ணெயைப் பார்த்து மாற வேண்டும். நிதானமான கலவைக்கு: கரைசலை ஊற்றி, ஓடாத பிளெண்டரால் அரை நிமிடம் கிளறி, பிறகு மூன்று நொடி ஓட்டம், பத்து நொடி கைக்கிளறல் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் எண்ணெய்க்கோடு தெரியாமல், ஒரே நிறத்தில் வழுக்கி இறங்கும் நிலை வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதுதான் பிணைப்பு நிலை. மேற்பரப்பில் இன்னும் கோடு நிற்காது. சுழல் வடிவத்துக்கு நிறம் பிரிக்க வேண்டியது இங்கேதான். மேற்பரப்பில் கோடு நின்று, சில நொடியில் மறையும் இலேசான ட்ரேஸ் வரை போய்விட்டால் நிறம் கலக்கும்போதே அடுத்த நிலைக்குத் தாவியிருக்கும். பாமாயில், பட்டர் மிகுந்த கலவைக்குப் பிளெண்டர் மொத்தமாகப் பத்துப் பதினைந்து நொடியே போதும், மீதியைக் கைக்கரண்டி பார்த்துக்கொள்ளும். முழு ஆலிவுக்கு நேர்மாறாக, 40 முதல் 45 டிகிரியில் தொடங்கித் தாராளமாக ஓட்டுங்கள். அது விரைவில் கோபித்துக்கொள்ளாது.

எண்ணெய்மேல் பழி போடுமுன் நறுமணத்தையும் பார்த்துவிட வேண்டும். கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களும் பல பூ வாசனைத் திரவங்களும் எந்தக் கலவையையும் நிமிடத்தில் இறுக்கிவிடும். சில வாசனைகள் கடினக் கொழுப்போடு சேர்ந்து கலவையை அரிசி அரிசியாகத் திரிய வைக்கும். அப்போது பிளெண்டரால் மறுபடி அரைத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும், சுழல் வடிவக் கனவை மட்டும் விட்டுவிட வேண்டும். தேன், சர்க்கரை, பால் எல்லாம் சூட்டைக் கூட்டி வினையை முடுக்கும். எது காரணம் என்று தெரிய, ஒரே எண்ணெய்க் கலவையில் பாதியை வாசனையோடும் பாதியை வாசனை இல்லாமலும் செய்து பாருங்கள்.

கலவை பாத்திரத்திலேயே இறுகிவிட்டால் தூக்கியெறிய வேண்டாம். கரண்டியால் அழுத்தி அச்சில் திணித்து, அச்சை மேசையில் ஓங்கித் தட்டிக் காற்றுப்பைகளை வெளியேற்றுங்கள். பார்ப்பதற்குச் சுமாராக இருக்கும், சோப்பு சோப்புதான். அதைக்கூடச் செய்ய முடியாத அளவுக்கு இறுகினால் பாத்திரத்தோடு மெதுவான சூட்டில் வைத்து ஹாட் பிராசஸாக முடிக்கலாம். அச்சில் ஊற்றிய பிறகு எண்ணெய் மேலே மிதந்தால், ஒரு மணி நேரத்துக்குள் கவனித்தால் எல்லாவற்றையும் பாத்திரத்துக்குத் திருப்பி ஊற்றி, 45 டிகிரிக்கு ஏற்றி, கையுறையோடு மறுபடி பிளெண்டர் பிடியுங்கள். மிதக்கும் எண்ணெயை மட்டும் துடைத்தெறியக்கூடாது. எண்ணெய் போனால் அடியில் நிற்கும் காஸ்டிக் அப்படியே தங்கிவிடும்.

உங்கள் ஆலிவ், பாமாயில், ஷியா கலவைகளுக்கு நேரடியாகச் சொல்வதென்றால்: ஆலிவ் அதிகமுள்ள செய்முறையில் ஆலிவில் பாதியைப் பொமஸாக மாற்றுங்கள், விளக்கெண்ணெய் 5 சதவீதம் சேருங்கள், கரைசலை 36 சதவீதச் செறிவில் வையுங்கள், 40 டிகிரியில் தொடங்குங்கள். பாமாயில், ஷியா செய்முறையில் ஷியாவை 8 சதவீதத்துக்கு இறக்குங்கள், பாமாயிலை 20-க்கு இறக்கி அந்த இடத்தில் ஒலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயை நிரப்புங்கள், 30 சதவீதச் செறிவு, கலவை 36 டிகிரி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காஸ்டிக்கைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. 200 கிராம் எண்ணெயில் சிறிய தொகுதிகளாகச் செய்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, கரைசல் ஊற்றிய நேரம், கலவையின் சூடு, பிளெண்டர் ஓடிய நொடிகள், பிணைப்பு நிலைக்கும் இலேசான ட்ரேஸுக்கும் வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இந்தச் சிறிய அளவுக்கு 0.1 கிராம் காட்டும் தராசு அவசியம். மேலே சொன்ன நிதானமான கலவையில் 200 கிராமுக்குக் காஸ்டிக் 27.8 கிராம், அதில் 1 கிராம் கூடினாலே சூப்பர்ஃபேட் 5 சதவீதத்திலிருந்து 2-க்குக் கீழே போய்விடும்.